கணினிக்குள் கணினி: பூட்டை உள்ளே போடுவதா, வெளியே போடுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற, சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப் கேட்கிறது, பழைய புராசஸர்களை ஏற்பதில்லை. மதுரை மாசி வீதிகளில் கணக்கு எழுதும் ஒரு அலுவலகத்தையோ, ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்வரும் ஒரு வக்கீலின் அறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. அதில் லினக்ஸைப் போட்டுவிட்டு, டேலிக்கும் விண்டோஸில் மட்டுமே ஓடும் மற்ற மென்பொருள்களுக்கும் பழைய விண்டோஸை லினக்ஸுக்குள்ளேயே ஓட்டுவது ஒரு வழி. பொறியியல் மாணவர்கள் இதையே தலைகீழாகச் செய்வார்கள்: வெளியே விண்டோஸ், உள்ளே உபுண்டு என்ற லினக்ஸ் வகை.

எப்படி வைத்தாலும் ஒரு கேள்வி வரும். வாடிக்கையாளரின் பான் அட்டை நகல், வங்கி ஸ்டேட்மென்ட், வழக்குக் கட்டு, ஆய்வேடு எல்லாம் உள்ளே இருக்கும் இயங்குதளத்தில்தான் கிடக்கின்றன. அங்கேயே மறையாக்கத்தை, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் என்க்ரிப்ஷனை, ஆன் செய்துவிட்டால் போதுமா? போதாது. முதல் பூட்டை வெளியே போட வேண்டும். உள்ளே போடுவது அதற்கு மேல், சில தேவைகளுக்கு மட்டும். இந்த வரிசை ஏன் என்பது, உள்ளே ஓடும் இயங்குதளம் உண்மையில் எதனால் ஆனது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

## உள்ளே ஓடுவது எங்கே இருக்கிறது

வன்பொருள் மேல் நேரடியாக ஓடும் இயங்குதளத்தை ஹோஸ்ட் என்பார்கள். அதற்குள் ஓடுவது கெஸ்ட். கெஸ்டுக்குத் தனி கம்ப்யூட்டரில் ஓடுவது போன்ற தோற்றத்தை உண்டாக்கித் தரும் மென்பொருள் ஹைப்பர்வைசர். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, லினக்ஸில் உள்ள கேவிஎம் எல்லாம் இந்த வகை. விண்டோஸில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டப் பலரும் நிறுவும் டபிள்யூஎஸ்எல் 2 கூட உள்ளுக்குள் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷின்தான், அதாவது ஹைப்பர்வைசர் உண்டாக்கித் தரும் அந்தத் தோற்றக் கம்ப்யூட்டர்தான்.

கெஸ்டின் கண்ணுக்கு அதன் டிஸ்க் ஒரு முழு ஹார்டு டிஸ்க். ஹோஸ்டின் கண்ணுக்கோ அது வெறும் கோப்பு. விர்ச்சுவல்பாக்ஸில் விடிஐ, விஎம்வேரில் விஎம்டிகே, ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்குமே, அதுதான் மொத்த கெஸ்டும். ஐம்பது ஜிபி இருந்தாலும் ஒரு பென் டிரைவில் பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

கெஸ்டில் விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு, விண்டோஸ் தானே எழுந்து வந்து கேட்கும்போதுதான் வேலை செய்யும். டிஸ்க் கோப்பை விண்டோஸை எழுப்பாமலே திறக்கலாம். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் விடிஐ கோப்பைத் திறந்தால், ஜிப் கோப்பைத் திறப்பதுபோல உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும். டெஸ்க்டாப்பில் வைத்த பிடிஎஃப் வரை இழுத்து எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை.

கெஸ்டின் நினைவகமும் இப்படித்தான். கெஸ்டுக்கு 4 ஜிபி ராம் ஒதுக்கினால், அது ஹோஸ்டின் ராமில் ஒரு பகுதி. கெஸ்டில் என்ன நடக்கிறதோ அதையெல்லாம் ஹோஸ்டால் பார்க்க முடியும். கட்டுரையின் மீதி முழுக்க இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

## மறையாக்கம் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

டிஸ்க் மறையாக்கத்தில் பெரும்பாலும் பயன்படுவது ஏஇஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்ததை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2001-இல் தரமாக அறிவித்தது. சரியாகப் பயன்படுத்தினால் கணித வழியில் அதை உடைக்க இன்று நடைமுறையில் வழியில்லை. ஆகவே யாரும் ஏஇஎஸ்ஸை உடைக்க வருவதில்லை. சாவியைத் தேடித்தான் வருவார்கள்.

சாவி இரண்டு அடுக்கில் இருக்கிறது. டிஸ்கை உண்மையில் மறைப்பது, கம்ப்யூட்டரே உருவாக்கிக்கொண்ட ஒரு நீண்ட எண்; அதை மூலச்சாவி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தட்டும் கடவுச்சொல் அந்த மூலச்சாவியைத் திறக்க மட்டுமே. லினக்ஸின் டிஸ்க் மறையாக்க முறையான லக்ஸில் டிஸ்கின் தலைப்பகுதியில் இந்த மூலச்சாவி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே டிஸ்கைப் பல கடவுச்சொற்களால் திறக்க வசதி உண்டு. பழைய லக்ஸில் 8, லக்ஸ் 2-இல் 32 வரை. லக்ஸ் 2 வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 முறை, ஒவ்வொரு கடவுச்சொல் முயற்சிக்கும் வேண்டுமென்றே நேரத்தையும் நினைவகத்தையும் தின்னும். ஊகித்துப் பார்ப்பவரை அது தாமதப்படுத்தும். ஆனால் கடவுச்சொல் பிறந்த தேதியாக இருந்தால் எந்த ஆர்கானும் காப்பாற்றாது.

டிஸ்க் திறந்திருக்கும் நேரம் முழுக்க மூலச்சாவி ராமில் இருக்கும். இருந்தால்தான் படிக்கவும் எழுதவும் முடியும். மறையாக்கம் காப்பது மூடியிருக்கும் டிஸ்கை. வேலை நடந்துகொண்டிருக்கும் டிஸ்கை அல்ல. மடிக்கணினியை மூடியை மட்டும் சாத்தி ஸ்லீப்பில் வைத்தாலும் சாவி ராமில்தான் இருக்கிறது. ராம் சிப்பைக் குளிர்வித்து அதிலிருந்து சாவியை மீட்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் செய்தே காட்டினார்கள்.

## பூட்டுப் போடக்கூடிய மூன்று இடங்கள்

1. ஹோஸ்டின் முழு டிஸ்க். லினக்ஸ் என்றால் லக்ஸ். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் முழுதாகக் கிடையாது, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற சுருங்கிய வடிவம் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் பல கணினிகளில் அது கேட்காமலே ஆன் ஆகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தங்கள் மடிக்கணினி ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. செட்டிங்ஸில் பார்த்துவிடுவது நல்லது.

2. ஹைப்பர்வைசர். விர்ச்சுவல்பாக்ஸ் 5.0-இலிருந்து, எக்ஸ்டென்ஷன் பேக்கை நிறுவினால், டிஸ்க் கோப்பையே மறையாக்கம் செய்து வைக்கும். கெஸ்டுக்கு இது தெரியவே தெரியாது. மறைக்கப்பட்ட மூலச்சாவி, விர்ச்சுவல் மெஷினின் அமைப்புக் கோப்பில் இருக்கும். விடிஐயை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு அந்தச் சின்னக் கோப்பைத் தொலைத்தால் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை.

3. கெஸ்டின் உள்ளே. கெஸ்டின் முழு டிஸ்க்கும் லக்ஸ் அல்லது பிட்லாக்கரில். அல்லது வெராகிரிப்ட் போன்ற ஒன்றால் ஒரு பெட்டகக் கோப்பு. அல்லது டேலியில் டேலிவால்ட் போட்டுக் கம்பெனித் தரவை மட்டும்.

முதலாவதில் ஹோஸ்ட், கெஸ்ட், தற்காலிகக் கோப்பு, ஸ்வாப் (ராமில் இடம் போதாதபோது டிஸ்கில் எழுதிவைக்கும் பகுதி) எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிடும். மூன்றாவதில் நீங்கள் நினைத்துப் பூட்டியது மட்டும்தான் அடங்கும். நினைக்காமல் விட்டது எவ்வளவு என்பது பின்னால் வருகிறது.

## யாரிடமிருந்து காக்கிறோம்

பாதுகாப்பு பற்றிய பேச்சில் பாதி, எதிரி யார் என்று சொல்லாமலே நடக்கிறது. சொல்லிப் பார்த்தால் விடை தானாக வருகிறது.

1. மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் பை காணாமல் போகிறது. மடிக்கணினி அணைந்திருந்தது. ஹோஸ்ட் டிஸ்க் பூட்டியிருந்தால் எடுத்தவருக்கு ஒரு பெட்டியும் திரையும் மட்டுமே மிச்சம். கெஸ்ட் மட்டும் பூட்டியிருந்தால் கெஸ்டின் கோப்புகள் பெரும்பாலும் தப்பும்; ஹோஸ்டில் சிதறிக் கிடப்பவை தப்பாது.

2. கீபோர்டு மாற்றச் சர்வீசுக்குக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் "டெஸ்ட் பண்ணணும், பாஸ்வேர்டு சொல்லுங்க" என்பார். ஹோஸ்டின் பாஸ்வேர்டைச் சொல்லியும் விடுவோம். ஹோஸ்ட் பூட்டு அங்கேயே முடிந்தது. கெஸ்டுக்குத் தனிப் பூட்டு உண்மையிலேயே உதவும் இடம் இது.

3. கெஸ்ட் கோப்பை பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ பேக்கப் வைக்கிறீர்கள். ஹோஸ்ட் டிஸ்கின் பூட்டு, கோப்பு அந்த டிஸ்கை விட்டு வெளியேறும் நொடியில் கழன்றுவிடும். இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் போட்ட பூட்டுதான் கோப்போடு கூடவே பயணம் செய்யும்.

4. ஹோஸ்டில் வைரஸோ, கீபோர்டில் தட்டுவதைப் பதிவு செய்யும் மென்பொருளோ புகுந்துவிட்டது. அல்லது ஹோஸ்டின் அட்மின் உரிமை உள்ள ஒருவருக்கே உங்கள் கோப்பின் மேல் ஆசை. இங்கே கெஸ்டின் மறையாக்கம் ஒன்றும் செய்யாது. கெஸ்டில் தட்டும் கடவுச்சொல் ஹோஸ்டின் வழியாகத்தான் உள்ளே போகிறது. திறந்த பின் சாவி ஹோஸ்டின் ராமில்தான் இருக்கிறது.

நான்காவதைத்தான் மக்கள் அதிகம் தவறாக நினைக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு அதைப் பூட்டிக்கொண்டால் என் சொந்த விஷயம் எனக்கு மட்டும் என்ற எண்ணம். மாடியில் குடியிருப்பவர் பீரோவைப் பூட்டலாம். பீரோ நிற்கும் அறையில் வீட்டுக்காரர் ஏற்கெனவே கேமரா வைத்திருந்தால் சாவி எங்கே ஒளிக்கப்படுகிறது என்பதே படமாகிவிடும். ஹோஸ்டையே நம்பாமல் கெஸ்டின் நினைவகத்தை மறைக்க ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்ற நுட்பங்கள் இருக்கின்றன. அவை சர்வர் புராசஸர்களில் வருபவை, கிளவுட் நிறுவனங்களுக்கானவை. அலுவலக மேசைக்கு அவை வந்து சேரவில்லை.

## கசியும் இடங்கள்

கெஸ்டை மட்டும் பூட்டியவருக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

சேவ் ஸ்டேட். கோடையில் கரண்ட் போகிறது, யுபிஎஸ் கத்துகிறது, கெஸ்டை முறையாக ஷட்டவுன் செய்ய நேரமில்லை. ஜன்னலை மூடினால் விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும்: நிலையைச் சேமிக்கவா? சரி என்று தட்டிவிடுவோம். அந்த நொடியில் கெஸ்டின் ராம் முழுவதும் ஹோஸ்ட் டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. ராமில் மூலச்சாவி இருந்தது அல்லவா? இப்போது அது டிஸ்கிலும் இருக்கிறது. மறைத்த டிஸ்க்கும் அதன் சாவியும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில். பின்னால் திரும்பிப் போக வசதியாகக் கெஸ்டின் அப்போதைய நிலையைப் பிடித்துவைப்பது ஸ்னாப்ஷாட்; கெஸ்ட் ஓடும்போதே எடுத்தால் அதிலும் இதே கதை. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0, 2022-இல், சேமித்த நிலையையும் சேர்த்து மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவும் அப்போது கட்டளை வரியில் மட்டும். ஹோஸ்ட் டிஸ்க் பூட்டியிருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு போய்விடும், ஃபோல்டரை நீங்களே வெளியே நகலெடுத்துக் கொடுக்காத வரை.

பழைய ஸ்னாப்ஷாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. ஜூனியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார், கெஸ்டின் லக்ஸ் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். மாறியது கடவுச்சொல் மட்டும்; மூலச்சாவி அப்படியே இருக்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டிலோ பேக்கப்பிலோ பழைய தலைப்பகுதி இருக்கும், அது பழைய கடவுச்சொல்லுக்குத் திறக்கும், உள்ளே இருப்பது இன்றைக்கும் செல்லுபடியாகும் மூலச்சாவி. அந்தப் பழைய நகல் அவர் கையில் இருந்தால், புதிய டிஸ்க் கிடைத்தாலும் திறந்துவிடுவார். கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்ற சந்தேகம் இருந்தால் மூலச்சாவியையே மாற்றி டிஸ்கை மறுபடி மறையாக்கம் செய்ய வேண்டும். லக்ஸில் அதற்கு வசதி உண்டு, நேரம் பிடிக்கும்.

மெய்நிகர் டிபிஎம். விண்டோஸ் 11-ஐ கெஸ்டாக நிறுவினால் அதற்கும் டிபிஎம் வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் பொய்யாக ஒன்றைக் காட்டுகிறது. அதை நம்பி உள்ளே பிட்லாக்கரை ஆன் செய்தால் எல்லாம் தானாகத் திறக்கும், சௌகரியமாக இருக்கும். உண்மையான டிபிஎம் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சிப். இதுவோ விர்ச்சுவல் மெஷினின் ஃபோல்டரிலேயே கிடக்கும் இன்னொரு கோப்பு. ஃபோல்டரை மொத்தமாக அள்ளிப்போனால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகின்றன. மெய்நிகர் டிபிஎம் வேண்டுமானால் விர்ச்சுவல் மெஷினையும் மறையாக்கம் செய்தே தீர வேண்டும் என்று விஎம்வேர் கட்டாயப்படுத்துவதன் காரணம் இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. கெஸ்டின் பிட்லாக்கருக்குத் துவக்கக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுங்கள்.

ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு. ஷேர்டு ஃபோல்டர் கெஸ்டில் ஒரு டிரைவ் போலத் தெரிந்தாலும் இருப்பது ஹோஸ்டில். அங்கே போட்ட கோப்புக்குக் கெஸ்டின் மறையாக்கம் கிடையாது. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று பிடிஎஃப்பை அங்கே இழுத்துப் போடுவோம், அனுப்பியதும் மறந்துவிடுவோம். ஒரு வருடத்தில் அந்த ஃபோல்டர் அலுவலகத்தின் முழு வரலாறாகிவிடும். இரு பக்கமும் பகிரும் கிளிப்போர்டில் காப்பி செய்த கடவுச்சொல் ஹோஸ்டுக்கும் போகிறது.

அச்சு. ஹோம் ஃபோல்டரை மட்டும் பூட்டும் முறை லினக்ஸில் நெடுநாள் இருந்தது. உபுண்டு தன் நிறுவியிலிருந்து 18.04 பதிப்பில் அதை எடுத்துவிட்டது. அப்படிப் பூட்டினாலும் அச்சுக்கு அனுப்பும் மனு, அச்சு வரிசைக்கென்று ஹோம் ஃபோல்டருக்கு வெளியே உள்ள இடத்தில் போய் நிற்கும். ஸ்வாப்பும் வெளியேதான். சொந்தக் கோப்புகளை மட்டும் பூட்டினால் போதும் என்று கேட்க நன்றாக இருக்கிறது. கோப்பு ஒரு நாளில் எத்தனை இடம் சுற்றுகிறது என்று பார்த்தால் முழு டிஸ்க்கே சுலபம்.

## பழைய நகல்கள்

ஏற்கெனவே பூட்டில்லாமல் இருக்கும் கெஸ்டில் இன்று மறையாக்கத்தை ஆன் செய்தால், நேற்று வரை எழுதியது என்ன ஆகும்? முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்டில் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். எஸ்எஸ்டியில், ஒரே இடத்தில் திரும்ப எழுதுவதாக நாம் நினைத்தாலும் டிரைவ் உள்ளுக்குள் வேறு செல்லில் எழுதும். பழையது கொஞ்ச காலம் தங்கலாம். ஆகவே வரிசை முக்கியம். புதிதாக அமைப்பவர் இப்படிப் போகலாம்:

1. தரவை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு, ஹோஸ்டை முழு டிஸ்க் மறையாக்கத்தோடு புதிதாக நிறுவுங்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டின் நிறுவியிலும் இதற்கு ஒரு டிக் போதும்.

2. அதற்குள் புதிய கெஸ்டை உருவாக்குங்கள். பேக்கப் வெளியே போகும் என்றாலோ, ஹோஸ்டை வேறு சிலரும் பயன்படுத்துவார்கள் என்றாலோ கெஸ்டுக்கும் வேறு கடவுச்சொல்லில் மறையாக்கம். இரண்டும் இல்லையென்றால் ஒரு பூட்டே போதும். நினைவில் வைக்க வேண்டிய கடவுச்சொல் ஒன்று குறையும்.

3. தேவைப்படும் நேரம் தவிர ஷேர்டு ஃபோல்டரும் கிளிப்போர்டும் அணைந்திருக்கட்டும். கெஸ்டில் ஓடுவது ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 என்றால் இணையத்தையும் துண்டித்துவிடலாம். ஆன்லைன் ரிட்டர்ன் வேலையை லினக்ஸ் பக்கமே பார்த்துக்கொள்ளலாம்.

4. பழைய தரவைக் கெஸ்டுக்குள் ஏற்றி, திறந்து சரிபார்த்த பிறகு, வெளி டிஸ்கில் உள்ள பூட்டில்லாத நகலை அழியுங்கள், அல்லது அந்த டிஸ்கையும் மறையாக்கம் செய்யுங்கள். இந்தப் படியில்தான் பலரும் சோர்ந்துவிடுகிறார்கள்.

வேகம் குறையுமா என்றால், ஏஇஎஸ் கணக்கைப் போடத் தனிக் கட்டளைகள் இன்டெல் புராசஸர்களில் 2010 முதல் வரத் தொடங்கின. கெஸ்டுக்கும் அவை கிடைக்கும். அலுவலக வேலையில் வித்தியாசம் தெரியாது. இடம் வேறு விஷயம்: தேவைக்கேற்ப வளரும் வகை விடிஐயில், கெஸ்டின் முழு டிஸ்கையும், காலி இடம் உட்பட, மறைத்த தரவால் நிரப்பும் மறையாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு ஒரே நாளில் முழு அளவுக்கு ஊதிவிடும்.

## சட்டம் எங்கே வருகிறது

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தரவை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்த உச்சத் தொகை ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தின் மேல் விழும் என்று பயமுறுத்துவது அபத்தம். ஆனால் வாடிக்கையாளரின் தரவு உங்கள் சொந்தக் கோப்பு அல்ல என்பதைச் சட்டம் இப்போது எழுத்தில் வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், 2000-இன் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அமைப்பு முறைப்படி கேட்டால் மறையாக்கத்தைத் திறந்துதர உதவ வேண்டும் என்கிறது. மறுத்தால் ஏழாண்டு வரை சிறை.

## சாவி தொலைந்தால்

லக்ஸின் தலைப்பகுதி கெட்டுவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் டிஸ்க் திறக்காது. திடீர் மின்வெட்டிலும் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கிலும் நடக்கக்கூடியதுதான். அந்தத் தலைப்பகுதியை மட்டும் தனியாகப் பேக்கப் எடுக்க லக்ஸில் ஒரு கட்டளை உண்டு. கிடைப்பது சில எம்பி அளவுள்ள கோப்பு. பிட்லாக்கர் என்றால் 48 இலக்க மீட்பு எண். அதைத் தாளில் அச்சிட்டு அலுவலகத்தில் வைக்காமல் வீட்டில் வைப்பது மேல். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டுமே கடவுச்சொல் தெரியும் என்ற நிலை இருந்தால், லக்ஸின் மற்றொரு இடத்தில் இரண்டாவது கடவுச்சொல் ஒன்றை வைத்து, ஒட்டிய உறையில் பங்குதாரரிடமோ வீட்டாரிடமோ கொடுத்துவைக்கலாம். கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் தலைப்பகுதியைப் புதிதாகப் பேக்கப் எடுத்துப் பழையதை அழித்துவிடுங்கள். பழையதை வைத்திருந்தால் அது பழைய கடவுச்சொல்லுக்கு இன்னும் திறக்கும்.